பாடம் 11: ஊதாக் குழாய்

சனிக்கிழமை காலை. சான் ஹோசே நகரில் ஒரு பூங்கா. கால்பந்துப் பயிற்சி முடிந்தது. கவினுக்கு ஒரே தாகம். அவனுடைய பாட்டில் காலி. புல்வெளி ஓரத்தில் உடைந்த நீர்தெளிப்பான் ஒன்றிலிருந்து தண்ணீர் பொங்கி வந்தது. அதன் மூடி ஊதா நிறம். கவின் பாட்டிலோடு குனிந்தான்.

"டேய், நில்லு! அதைப் பிடிக்காதே!" என்று அக்கா யாழினி கத்தினாள்.

"ஏன்க்கா? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே!"

"அந்தப் பலகையைப் பாரு."

பலகையில் ஒரு டம்ளர் படம். அதன் குறுக்கே ஒரு கோடு. 'மறுசுழற்சி நீர். குடிக்காதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அம்மா குடிநீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார். கவின் மடமடவென்று குடித்தான்.

"அம்மா, மறுசுழற்சி நீர்னா என்ன?"

"நாம குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி, டாய்லெட் தண்ணி எல்லாம் கழிவுநீர். அதைச் சுத்தம் பண்ணி மறுபடியும் பயன்படுத்துறோம். அதுதான் மறுசுழற்சி நீர்."

எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

1. கழிவுநீரைப் பெரிய தொட்டிகளில் தேக்குவார்கள். கனமான அழுக்கு அடியில் படியும்.
2. நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள அழுக்கைத் தின்னும்.
3. நீரை வடிகட்டுவார்கள்.
4. குளோரின் கலந்து கிருமிகளைக் கொல்வார்கள்.

"இவ்வளவு சுத்தம் பண்ணியும் ஏன் குடிக்கக் கூடாது?" என்று கவின் கேட்டான்.

"இது புல்லுக்குப் போதுமான சுத்தம். குடிநீருக்குச் சோதனைகள் இன்னும் அதிகம். இதுல உப்பும் கொஞ்சம் கூடுதல். ரெட்வுட் மரத்துக்கே அந்த உப்பு ஒத்துக்காது. உப்பும் கிருமியும் கண்ணுக்குத் தெரியாது கவின். தெளிவா இருக்கிற தண்ணியெல்லாம் குடிதண்ணி இல்ல."

"அப்போ இது மட்டமான தண்ணியா?"

"இல்லவே இல்ல! காஸ்ட்ரோவில் ஊர்ப் பக்கம் 1998லிருந்து இப்படிச் சுத்தம் பண்ணின தண்ணியிலதான் ஸ்ட்ராபெரி கூட விளையுது. பழத்து மேல கொஞ்சம் படுறது வேற, டம்ளர் டம்ளரா குடிக்கிறது வேற."

தெரிந்துகொள்வோம்

குடிநீர்க் குழாயும் மறுசுழற்சி நீர்க் குழாயும் தவறிக்கூட இணையக் கூடாது. வேலை செய்பவர்கள் மண்ணைத் தோண்டும்போது எது எந்தக் குழாய் என்று உடனே தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஊதா நிறம். தெற்குக் கலிபோர்னியாவின் இர்வைன் பகுதியில் தொடங்கிய வழக்கம் இது.

ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் சுத்திகரித்த கழிவுநீரை மேலும் மூன்று கட்டங்களில் சுத்தம் செய்கிறார்கள். பிறகு அதை நிலத்தடி நீரோடு சேர்க்கிறார்கள். அந்த நிலத்தடி நீர் குடிநீராகிறது. எதற்குப் பயன்படுத்துகிறோமோ, அதற்கு ஏற்ற சுத்தம் வேண்டும்.

செய்யலாம்

- புல்லுக்கும் மரத்துக்கும் பாய்ச்சலாம்.
- மின் நிலையங்களைக் குளிர்விக்கலாம்.
- புல் காய்ந்த பிறகு அதில் விளையாடலாம்.

செய்யக் கூடாது

- குடிக்கக் கூடாது. நாய்க்கும் கொடுக்கக் கூடாது.
- தெளிப்பானில் நனைந்து விளையாடக் கூடாது.
- கையில் பட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

சொல்லும் பொருளும்

கழிவுநீர் – பயன்படுத்திய பின் வெளியேறும் நீர்
நுண்ணுயிர் – கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்
நிலத்தடி நீர் – மண்ணுக்கு அடியில் உள்ள நீர்

பயிற்சி

1. எழுத்துத் தமிழில் மாற்றுக: தண்ணி, இல்ல, பண்றோம், பாரு.
2. கவின் அந்தத் தண்ணீரை ஏன் சுத்தமானது என்று நினைத்தான்?
3. 'செய்யலாம்', 'செய்யக் கூடாது' போல இரண்டு வாக்கியங்கள் எழுதுக.
4. உங்கள் ஊர்ப் பூங்காவில் ஊதாக் குழாயோ பலகையோ உள்ளதா? பார்த்து வந்து வகுப்பில் சொல்லுங்கள்.