ஹிமெஜிக்கு ஒரு முழு நாள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். காலையில் ஒசாகா கோட்டை, மதியம் ஹிமெஜி, சாயங்காலம் கோபே. இதில் ஒசாகா கோட்டையை வேறொரு நாளைக்குத் தள்ளிவை. இன்று அங்கே நிற்கும் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. லிஃப்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஹிமெஜியில் நிற்பதோ இக்கேதா தெருமாசா 1609-இல் கட்டி முடித்த மரக்கோபுரம். 1945 ஜூலையில் குண்டுவீச்சில் ஊரே எரிந்தது. கோட்டையின் மேல் விழுந்த குண்டு வெடிக்காமல் போனதால் கோபுரம் பிழைத்தது. அப்படித் தப்பி வந்த ஒன்றை மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால ரயிலுக்கும் நடுவில் பார்த்துவிட்டு ஓட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். ஷின்கான்சென்னில் அரை மணிதான், ஆனால் கட்டணம் இரட்டிப்புக்கு மேல். காலை ஒன்பதுக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் இரு. செர்ரி பூக்கும் ஏப்ரல் தொடக்கத்தில் போனால் வரிசை மிக நீளமாக இருக்கும்.

உள்ளே போனதும் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்து விரைவார்கள். நீ விரையாதே. அந்தக் கோட்டையின் மூளை அதன் வழியில்தான் இருக்கிறது. கோபுரம் கண்ணெதிரே தெரியும், ஆனால் பாதை உன்னைச் சுற்றவைக்கும். 'ஹா' வாசலைத் தாண்டியதும் பாதை திரும்பி, கோபுரத்துக்கு முதுகைக் காட்டியபடி நடக்கவைக்கும். அடுத்த வாசலில் கூரை தாழ்ந்து தலையைக் குனியவைக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மேலே பார். சுவரில் வட்டம், முக்கோணம், சதுரம் என்று துளைகள் இருக்கும். ஒடுங்கிய நீள்சதுரத் துளை அம்புக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. தாக்க வந்தவன் எந்த இடத்தில் நின்றாலும் ஏதோ ஒரு துளைக்குக் குறியாகிவிடுவான் என்பது நடந்து பார்த்தால்தான் உறைக்கும். தெருமாசா கட்டிய பிறகு ஒரு முற்றுகையும் இந்த வழியைச் சோதித்துப் பார்க்கவில்லை.

கோபுரத்தை நெருங்கும்போது கற்சுவரில் கம்பிவலை போட்ட ஒரு சிறு கல்லைத் தேடு. அது திரிகைக்கல். தெருமாசாவுக்கு முன்பு போர்த்தலைவர் ஹிதெயோஷி இங்கே கோட்டை கட்டியபோது கல் போதவில்லையாம். பலகாரம் சுட்டு விற்ற ஏழைக் கிழவி தன் திரிகையையே கொடுத்துவிட்டாளாம். கதைதான். ஆனாலும் அந்தக் கல்லைத் தவறவிட்டுவிடாதே.

கோபுரத்துக்குள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஏறவேண்டும். குளிர்காலத்தில் மரத்தரை ஐஸாக இருக்கும், கனமான காலுறை போட்டுக்கொள். வெளியே ஐந்து அடுக்காகத் தெரிவது உள்ளே ஆறு தளம், கீழே நிலவறை ஒன்று. அடியிலிருந்து மேல்வரை ஏறும் இரண்டு பெருந்தூண்களையும் கை வைத்துப் பார். கிழக்குத் தூண் பழையது. மேற்குத் தூணை 1956 முதல் 1964 வரை நடந்த பெரிய சீரமைப்பில் மாற்றினார்கள். மரத்துக்கு வயதாகும், கவனித்து மாற்ற ஆட்கள் இருந்ததால்தான் கட்டடம் நிற்கிறது.

இறங்கிய பிறகு மேற்குப் பகுதியின் நீண்ட நடைக்கூடத்துக்கு அவசியம் போ. கூட்டம் குறைவாக இருக்கும். ஷோகுன் தொக்குகாவா இயேயாசுவின் பேத்தி சென்னின் நினைவோடு சேர்ந்த இடம் அது. 1615-இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபோது முதல் கணவரை இழந்தவள். மறுமணம் செய்துகொண்டு இங்கே வந்தாள். 1626-இல் அந்தக் கணவரும் இறந்தார். பிறகு எடோ நகருக்குப் போய்த் துறவியானாள். ஒசாகா கோட்டையை நீ இதற்குப் பிறகு பார்ப்பது நல்லது என்று சொல்வது இதனாலும்தான்.

அம்மாவும் வருகிறாள் என்று எழுதியிருந்தாய். கோபுரப் படிகள் ஏணிபோல் செங்குத்து. அவள் முழங்காலுக்கு ஆகாது. வற்புறுத்தி ஏற்றாதே. டிக்கெட் வாங்குமிடத்துக்கு முன்னாலேயே பெரிய புல்வெளித் திடல் இருக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது, கோபுரம் முழுசாகத் தெரியும். அங்கே உட்காரவைத்துவிட்டுப் போ. தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் அவள் கையில் இருக்கட்டும். நீ திரும்பி வர மூன்று மணி நேரமாவது ஆகும் என்று முன்பே சொல்லிவிடு.

உன் பெரியப்பா