கேளாச் செவியும் கேட்கும் சுற்றமும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தில் சிறிதும் பெரிதுமாக 836 தீவுகளும் பாறைத்திட்டுகளும் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை முப்பதுக்குச் சற்றே மிகுந்தவை. வங்காளம், தமிழ், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி எனப் பல மொழிகளைப் பேசுவோர் இங்கு ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். தலைநகரான ஸ்ரீ விஜயபுரம் 2024 வரை போர்ட் பிளேர் என அழைக்கப்பட்டது. அங்கிருந்து சென்னைக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்; கப்பலில் சென்றால் மூன்று நாள் ஆகும். தென்கோடியிலுள்ள கேம்ப்பெல் பேயில் வாழ்பவரோ தலைநகரை அடைவதற்கே நெடுங்கடலைக் கடந்தாக வேண்டும்.

இத்தகைய நிலப்பரப்பில் வாழும் செவித்திறன் குறையுடையோர் இருவகைத் தொலைவுகளை எதிர்கொள்கின்றனர். மருத்துவமனை இருக்கும் தொலைவு ஒன்று. அருகில் அமர்ந்திருப்பவரின் பேச்சே எட்டாத தொலைவு மற்றொன்று. முன்னதைக் கப்பலும் வானூர்தியும் குறைக்கும். பின்னதைக் குறைக்க வீட்டாரும் அண்டை அயலாரும் முன்வர வேண்டும்.

இயல்பான உரையாடலின் ஒலியளவு ஏறத்தாழ 60 டெசிபெல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு செவிகளிலும் பேச்சொலிகளைக் கேட்பதில் 70 டெசிபெல் அளவு இழப்பு உடையவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இழப்பு உடையவரைச் செவித்திறன் குறைந்தவர் என்றும் வகைப்படுத்துகிறது. ஆகவே, எதிரில் நிற்பவர் இயல்பாகப் பேசும் பேச்சு இவர்களைச் சென்றடைவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் 50 இலட்சத்திற்கும் மிகுதியானோர்.

குழந்தைகளிடம் இக்குறையைக் கண்டறிவது எளிதன்று. கால் முறியின் வீக்கம் தெரியும். செவியின் குறையோ வெளியே தெரியாது. கதவு சாத்தப்படும் அதிர்வை உணர்ந்தோ நிழலசைவைக் கண்டோ குழந்தை திரும்பிப் பார்க்கும். அதனைக் கண்ட பெற்றோர், குழந்தைக்குக் காது கேட்கிறது என்றே நம்புவர். இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோதுதான் ஐயம் எழும். அப்போதும், "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று பாட்டி ஆறுதல் கூறுவார். இதற்குள் மொழியைக் கற்பதற்குரிய பொன்னான காலத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் பயிற்சி என வல்லுநர்கள் கால வரையறை கூறுவது இதனால்தான். சோதனையோ மிக எளியது. உறங்கும் குழந்தையின் செவியில் சிறு முனையொன்றைப் பொருத்தி மெல்லிய ஒலியைச் செலுத்துவர்; நலமான உட்செவி அதற்கு எதிரொலி தரும்; அதனைக் கருவி பதிவு செய்யும். குழந்தைக்கு வலி சிறிதும் இராது.

குறை உறுதியானபின் காதொலிக் கருவி வழங்கப்படுகிறது. 1981இல் தொடங்கப்பட்ட 'அடிப்' எனும் நடுவணரசுத் திட்டம் இத்தகைய கருவிகளுக்கு நிதி அளிக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்தில் இயங்கும் ஒருங்கிணைந்த மண்டல மையம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனத்தின் மேற்பார்வையில் மறுவாழ்வுப் பணிகளை மேற்கொள்கிறது.

எனினும், கருவியை வழங்கும் நாளில் எடுக்கப்படும் நிழற்படத்தோடு உதவி நிறைவடைவதில்லை. தீவின் காற்று உப்பும் ஈரமும் நிறைந்தது. ஆண்டில் பல மாதங்கள் மழை பொழியும். ஈரம் புகுந்தால் கருவியின் நுண்ணிய ஒலிவாங்கி பழுதுறும். எனவே, இரவில் அதனைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். பொத்தான் வடிவ மின்கலம் ஓரிரு வாரங்களில் தீர்ந்துபோகும். கடல் கொந்தளித்துக் கப்பல் வாராத வாரத்திற்கும் சேர்த்து வாங்கி வைத்தல் அறிவுடைமை. குழந்தையின் செவி வளர்வதால், செவிக்குள் பொருத்தும் அச்சினையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். அச்சு தளர்ந்தால் கருவி கீச்சிடும். குழந்தை அதனைப் பிடுங்கி எறியும். பெட்டிக்குள் உறங்கும் கருவிகள் பலவும் உறங்குவது இத்தகைய சிறு காரணங்களால்தான். ஊரில் ஓர் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ இச்சிறு பராமரிப்பினை அறிந்திருப்பின், அக்குழந்தையின் ஒரு கல்வியாண்டு வீணாகாது.

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குக் கல்வி புகட்டுவதில் தமிழகத்திற்கு நீண்ட மரபு உண்டு. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய பள்ளி, இந்தியாவின் முதற்பள்ளிகளுள் ஒன்றாகும். சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, மழலைப் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்குகிறது. அங்குப் பெற்றோரும் குழந்தையோடு வகுப்பில் அமர்ந்து கற்கின்றனர். தாய் கற்றால்தான் வீடும் வகுப்பறையாகும் என்பது அதன் அடிப்படை. ஆனால், தீவில் வாழும் குடும்பம் பிழைப்பை விட்டுச் சென்னையில் ஆண்டுக்கணக்கில் தங்குவது அரிது.

இவ்விடத்தில்தான் சைகை மொழியின் அருமை புலப்படும். இந்தியச் சைகை மொழி தமிழையோ இந்தியையோ கைகளால் எழுதிக் காட்டுவதன்று. தனக்கெனச் சொல்வளமும் இலக்கணமும் உடைய மொழி. வினாச்சொல்லும் எதிர்மறைச் சொல்லும் அதில் தொடரின் இறுதியில் வரும். "உன் பெயர் என்ன?" எனும் தமிழ்த் தொடரின் அமைப்பு அதற்கு மிக அணுக்கமானது. 2015இல் தில்லியில் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியைக் காணொலி வடிவில் வெளியிட்டது. தமிழ் வீட்டுச் சிறுமியும் வங்காள வீட்டுச் சிறுவனும் தத்தம் பெற்றோரின் மொழியைக் கேளாதிருக்கலாம். சைகை மொழியைக் கற்றுவிட்டால் இருவரும் தடையின்றி உரையாடலாம்.

தொலைபேசியின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. 1876இல் அதற்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல், காது கேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர்; அவர் மனைவியும் செவித்திறனை இழந்தவர். உலகையே இணைத்த அக்கருவி அவ்வம்மையாருக்குப் பயன்படவில்லை. (பெல் சைகை மொழியை விரும்பாதவர் என்பது வேறு செய்தி.) காணொலி அழைப்பு வந்தபின்னரே சைகை மொழி தொலைவைக் கடந்தது. தீவுகளிலோ, செயற்கைக்கோளை நம்பியிருந்த மெதுவான இணையத்தில் படம் உறைந்து நிற்கும். கையசைவு பாதியில் நின்றால் சொல்லும் பாதியில் நின்றுவிடும். 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்தில் கடலடியில் இடப்பட்ட ஒளியிழை வடம் பயன்பாட்டிற்கு வந்தது. ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய இடங்களையும் அது இணைக்கிறது. பிறருக்கு அது விரைவான இணையம்; சைகையால் பேசுவோருக்கோ முதன்முறையாகக் கிடைத்த தொலைபேசி.

தீவு வாழ்வில் செவியின் தேவை உயிரோடு தொடர்புடையது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கியபோது, இந்தியப் பெருங்கடலில் முன்னெச்சரிக்கை அமைப்பே இல்லை. 2007இல் ஐதராபாத்தில் அதற்கான மையம் தொடங்கப்பட்டது. மையம் விடுக்கும் எச்சரிக்கை ஊரை அடையும்போது பெரும்பாலும் ஒலியாகவே அடைகிறது: சங்கொலி, ஒலிபெருக்கி, அண்டை வீட்டாரின் கூக்குரல். நில அதிர்வைக் காது கேளாதவரின் உடலும் உணரும். கடல் உள்வாங்குவதை அவர் கண்ணும் காணும். ஆயின், தொலைவில் நிகழும் நில அதிர்வால் எழும் அலைக்கும், நள்ளிரவுப் புயலுக்கும் அத்தகைய முன்னறிகுறி எப்போதும் வாய்ப்பதில்லை. கைப்பேசியின் அதிர்வும் ஒளிரும் விளக்கும் ஓரளவு உதவும். மின்சாரம் அற்றுப்போனால் அவையும் உதவா.

இதனை முன்னுணர்ந்தே, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிந்து வைக்க வேண்டும் என்றும், இடர் நேரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது. ஏட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த வீட்டில் யார் உறங்குகிறார், இரவில் அவர் கதவைத் திறந்து தோளைத் தொட்டு எழுப்பப் போகிறவர் யார், மேட்டு நிலத்திற்கு வழிகாட்டும் சைகை எது என்பவை அமைதியான ஒரு பகற்பொழுதிலேயே தெருவார் கூடி முடிவு செய்ய வேண்டியவை.

சொற்பொருள்

சுற்றம் – உறவினர், உடன் வாழ்வோர்
ஐயம் – சந்தேகம்
அணுக்கம் – நெருக்கம்
ஆழிப்பேரலை – சுனாமி
வடம் – பருத்த கயிறு, இங்குக் கம்பித்தொடர்

பயிற்சி

1. செவித்திறன் குறையுடையோர் எதிர்கொள்ளும் இருவகைத் தொலைவுகள் யாவை?
2. கேளாமையைப் பெற்றோர் காலம் தாழ்ந்து அறிவது ஏன்?
3. காதொலிக் கருவியைத் தீவின் தட்பவெப்பத்தில் எவ்வாறு காக்க வேண்டும்?
4. "சைகையால் பேசுவோருக்கோ முதன்முறையாகக் கிடைத்த தொலைபேசி" – விளக்குக.
5. பிரித்து எழுதுக: காதொலி, முன்னெச்சரிக்கை, கடலடி.
6. வினாச்சொல் இறுதியில் அமையுமாறு ஐந்து வினாத்தொடர்கள் எழுதுக.
7. உம் தெருவில் இரவில் புயல் எச்சரிக்கை வந்தால், காது கேளாத ஒருவருக்கு அதனை எவ்வாறு தெரிவிப்பீர்? குழுவாகக் கலந்துரையாடி ஒரு பக்க அளவில் எழுதுக.