பிள்ளையே திருத்தட்டும்

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் "படிச்சிட்டியா?" என்று கேளுங்கள். "எல்லாம் தெரியும்" என்றுதான் பதில் வரும். பொய் இல்லை, புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்கள் கிடைக்கின்றன. சமூக அறிவியல் தாள் ஒன்றை உங்கள் செல்போனில் இறக்கிக் கொடுங்கள். 5 மதிப்பெண் கேள்விகள் நான்கு போதும். எழுதியதும், புத்தகத்தைத் திறக்கும் முன்பே, எத்தனை மார்க் வரும் என்று ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் பென்சிலால் குறிக்கட்டும். பிறகு பாடநூலை வைத்துப் பிள்ளையே திருத்தட்டும். 5 என்று குறித்தது 2 ஆன இடம்தான் முக்கியம், நாளைக்குப் படிக்க வேண்டியது அதுதான். காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்: மறந்துட்டேன், புரியல, கேள்வியைச் சரியா படிக்கல. புரியாததை மறுபடி மறுபடி படித்துப் பயனில்லை, ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

சிவப்புப் பேனாவை மட்டும் நீங்கள் வாங்கிவிடாதீர்கள். மார்க்கைப் பார்த்துத் திட்டினால், அடுத்த முறை எல்லா விடைக்கும் 5 போட்டுக் காட்டுவார்கள்.