மின்சாரக் குக்கரும் இல்லத்துச் சிக்கனமும்

மின்சாரம் தாம்பரத்துக்குப் புதிய விருந்தாளியன்று. 1931ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. வண்டியை இழுத்த அம்மின்சாரம் அடுப்பங்கரையினுள் நுழைந்து பருப்பு வேகவைக்க நெடுங்காலம் பிடித்தது. இன்றோ பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் ஆகிய இடங்களின் பாத்திரக் கடைகளில் மின்சாரப் பிரஷர் குக்கர் விற்பனைக்கு வந்துள்ளது. அதனை வாங்கலாமா, சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று அங்கத்தினர் பலர் நம்மை வினவுகின்றனர். அவர்களுக்கு விடையாகவே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

முதலில் நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். சில மாதங்களுக்கு முன் குன்றத்தூர்ப் பக்கம் தணிக்கைக்குச் சென்றபோது, நெசவாளர் ஒருவரின் இல்லத்தில் பரண்மீது இத்தகைய குக்கர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதற்கு வாங்கிய கடனின் தவணையோ மாதந்தோறும் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டு வந்தது. காரணம் கேட்டோம். “அது பருப்பை வேகவிடாத பானை ஐயா. மூன்று நாள் பார்த்தேன், தூக்கி மேலே வைத்துவிட்டேன்” என்றார் அவ்வீட்டு அம்மையார். எவ்வாறு சமைத்தீர்கள் என்று வினவியபோது உண்மை விளங்கிற்று. பருப்பு, காய், உப்பு, புளிக்கரைசல் யாவற்றையும் ஒருங்கே இட்டு மூடியிருக்கின்றார். பழுது பானையில் இல்லை. முறை சொல்லிக்கொடுப்பார் இல்லாமையே பழுது.

குக்கரின் தத்துவம்

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடேறாது. இறுக மூடிய கலத்தில் ஆவி வெளியேறாமல் அழுத்தம் பெருகுகிறது. அதனால் கொதிநிலையும் உயர்கிறது. 1679ஆம் ஆண்டில் டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் லண்டனில் செய்து காட்டிய கலத்தின் தத்துவம் இதுவே. அடுப்பில் வைக்கும் குக்கரில் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடு ஏறும். மின்சாரக் குக்கரில் பெரும்பாலும் 110 முதல் 118 டிகிரியே. ஆகவே இதில் வேகும் நேரம் சற்றுக் கூடுதலாகும் என்பதை முன்னரே அறிதல் நலம்.

அவ்வாறாயின் இதன் சிறப்பு யாது? அழுத்தம் போதிய அளவு ஏறியதும் கருவி தானே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். குறித்த நேரம் முடிந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும். விசில் எண்ண ஆள் வேண்டுவதில்லை. தார் சுற்றும் கையும், களையெடுக்கும் கையும் அடுப்பருகே காத்து நிற்க வேண்டா. உழைத்துண்ணும் குடும்பத்துக்கு இதுவே பேருதவி.

ஓர் எச்சரிக்கை. சோறு மட்டும் ஆக்கும் சாதாரண மின்சார ரைஸ் குக்கர் வேறு; இது வேறு. அதன் மூடி பூட்டிக்கொள்வதில்லை, அழுத்தமும் ஏறாது. பெயர் ஒத்திருப்பதால் ஏமாறுதல் கூடாது.

வரவு செலவு

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் முழுமையாக இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். ஒரு வேளைச் சமையலுக்கு இக்கருவி உண்மையில் மின்சாரம் இழுக்கும் நேரத்தை 20 நிமிடம் எனத் தாராளமாகவே கொள்வோம். இரு வேளைக்கு 40 நிமிடம். அறுபது நாளைக்கு 40 யூனிட். இருமாதக் கணக்கில் கூடும் சுமை இவ்வளவே.

காஸ் அடுப்பிலோ, நல்ல அடுப்பாயினும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பம் பாத்திரத்தில் சேராமல் காற்றில் கலந்துவிடும். எனினும் மின்சாரமே மலிவு என்று எல்லோர்க்கும் பொதுவாகக் கூறிவிட முடியாது. மின்கட்டணம் மாடிப்படி போன்றது. மேற்படியில் நிற்பவர்க்கு ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடும். வீட்டில் கைத்தறி வைத்திருப்போர்க்கு இரு மாதத்துக்கு 200 ஆக இருந்த கட்டணமிலா யூனிட்டுகள் 2023இல் 300 ஆக உயர்த்தப்பட்டன. இச்சலுகைக்குள் 40 யூனிட்டுக்கு இடமிருப்பின் ஆதாயம் வெளிப்படை. ஆகவே தம் மின்கட்டண அட்டையில் சென்ற ஆறு மாதக் கணக்கைப் பார்த்து, 40 யூனிட்டைக் கூட்டி, எந்தப் படியில் நிற்போம் என்று அறிந்த பின்னரே கடன் மனுவில் கையெழுத்திடுக.

மின் இணைப்பு

ஆயிரம் வாட் கருவி நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் மின்சாரம் இழுக்கும். மின்விசிறியும் தொலைக்காட்சியும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதனையும் செருகினால் கம்பி சூடேறும். நூலும் பாவும் நிறைந்த வீட்டில் ஒரு பொறி எத்தகைய கேடு விளைக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுவரிலுள்ள தனி பிளக்கில், எர்த் இணைப்புடன் மட்டுமே பயன்படுத்துக. உட்பாத்திரத்தின் அடிப்புறத்தை ஈரமின்றித் துடைத்த பின்னரே உள்ளே வைத்தல் வேண்டும்.

சமைக்கும் முறை

பருப்பு: முக்கால் டம்ளர் துவரம்பருப்புக்கு இரண்டேகால் டம்ளர் நீர். மஞ்சள்தூளும் சில துளி நல்லெண்ணெயும் சேர்க்கலாம். எண்ணெய் நுரையை அடக்கும். புளி சேர்த்தல் ஆகாது. புளிப்பு பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கி வேகவிடாமற் செய்யும். அழுத்தம் ஏறிய பின் 12 நிமிடம். நின்றதும் மேலும் 10 நிமிடம் அப்படியே விடுக. நுரைக்கும் பண்டங்களுக்கு உடனே ஆவியைத் திறந்துவிட்டால் நுரை பீறிட்டு வால்வை அடைக்கும்.

சாம்பார்: வெந்த பருப்பை மசித்து வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்துக்கொள்க. அதே கலத்தில் மூடியின்றிக் காயைச் சிறிது நீரில் வேகவைத்து, பின் புளிக்கரைசலும் பொடியும் உப்பும் இட்டுக் கொதித்ததும் பருப்பைச் சேர்க்கலாம்.

சோறு: மூடிய கலத்தில் நீர் வற்றுவது குறைவு. பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டும், புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு இரண்டரையும் நீர் வைத்துத் தொடங்குக. பச்சரிசிக்கு 6, புழுங்கலுக்கு 10 நிமிடம். அரிசி பழையதா புதியதா என்பதற்கேற்ப அடுத்த நாள் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். வடித்த சோற்றுக்குப் பழகியவர்க்கு முதல் வாரம் சற்றுக் குழைவாகத் தோன்றும்.

கொண்டைக்கடலை: எட்டு மணி நேரம் ஊறவைத்தபின் 20 நிமிடம்.

அரிசி, பருப்பு வகைகளைக் கலத்தில் பாதிக்கு மேலும், மற்றவற்றை மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும் நிரப்புதல் கூடாது. அழுத்தம் காட்டும் முள் தணியாத வரை மூடியை வலிந்து திறக்கலாகாது. ஆவியைத் திறக்கையில் முகத்தை விலக்கி, நீண்ட கரண்டிக் காம்பினால் வால்வைத் தள்ளுக. ரப்பர் வளையத்தையும் வால்வையும் நாள்தோறும் கழுவுக.

சங்கத்தின் கடமை

பத்து அங்கத்தினர் தனித்தனியே கடைக்குச் செல்வதினும் சங்கம் ஒன்றாக வாங்கினால் விலை குறையும். பழுது பார்த்துத் தருவதற்கு எழுத்து மூலமான உறுதியும் பெறலாம். 2020இல் பிறந்த மைய அரசின் ஆணை வீட்டுப் பிரஷர் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிற்று. மின்சாரக் குக்கர் வாங்கும்போதும் அம்முத்திரை உளதா என நிர்வாகக் குழுவினர் பார்த்தல் வேண்டும்.

ஆனால் கடன் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. குக்கர் வழங்கும் நாளிலேயே சங்கக் கட்டடத்தில் ஒரு வேளைச் சமையல் செய்து காட்டுதல் வேண்டும். பயன்படுத்தத் தெரியாத பொருளுக்கு அளிக்கும் கடன் அங்கத்தினருக்கு உதவியன்று, சுமையே.

மேற்சொன்ன அம்மையாருக்கு அன்றே முறையைக் கூறினோம். அடுத்த தணிக்கைக்குச் சென்றபோது அவர் இராட்டையருகே அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே குக்கர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. “தவணை இன்னும் நான்கு பாக்கி ஐயா. ஆனால் இப்போது கொடுக்க மனம் வலிக்கவில்லை” என்றார். ஒவ்வோர் அங்கத்தினரும் இவ்வாறு சொல்லும்படி கடன் வழங்குவதே கூட்டுறவின் முறையாகும்.