குவாண்டம் கணினி வரட்டும், பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் இணையத்தின் குறியாக்கம் எல்லாம் உடைந்துவிடும் என்கிறார்கள். அது வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்றும் சொல்கிறார்கள். வந்தபிறகு மாற்றிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் மரபணுப் பரிசோதனை முடிவு இன்று இணையத்தில் போகிறது என்று வையுங்கள். நடுவில் ஒருவர் அதைப் பிடித்து, படிக்க முடியாத நிலையிலேயே சேமித்து வைக்கலாம். குவாண்டம் கணினி கைக்கு வந்ததும் திறந்து படிப்பார். அன்றைக்கு நீங்கள் எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும் பழைய நகலை அது காப்பாற்றாது. பாஸ்வேர்டை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாதே!

எல்லாமே உடைந்துவிடாது. தகவலைப் பூட்டும் ஏஇஎஸ்-256 தாங்கும். ஆபத்து, அதற்கான சாவியை இரு தரப்பும் பரிமாறிக்கொள்ளும் இடத்தில்தான். அங்கே பயன்படும் ஆர்எஸ்ஏ முறை, பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரிப்பது கடினம் என்பதை நம்பி நிற்கிறது. குவாண்டம் கணினிக்கு அது கடினமில்லை என்று 1994இலேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க சுமார் 2 கோடி க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் பங்குபெற்ற ஆய்வாளர் கிரெய்க் கிட்னி 2025இல், 10 லட்சத்துக்கும் குறைவாகவே போதும் என்று எழுதினார். அவ்வளவு பெரிய கணினி இன்று யாரிடமும் இல்லை. ஆனாலும் இலக்கு நம்மை நோக்கி நகர்ந்துவருகிறது என்பதுதான் என் கவலை.

மாற்று முறைகள் தயார். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2016இல் உலகெங்கும் இருந்து முறைகளைக் கேட்டு, 2024 ஆகஸ்டில் மூன்றைத் தரமாக அறிவித்தது. சாவிப் பரிமாற்றத்துக்கானது எம்எல்-கெம். இந்தத் தேர்வை நான் நம்பக் காரணம், அது வெளிப்படையாக நடந்ததுதான்; யார் வேண்டுமானாலும் முறைகளை உடைத்துப் பார்க்கலாம். சைக் என்ற முறை நான்காம் சுற்றுவரை வந்தது. 2022இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் அதைச் சாதாரணக் கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். புதிய முறைக்கு இப்படி நேரலாம் என்பதால்தான் பழைய முறையையும் புதியதையும் சேர்த்தே போடுவது இப்போது வழக்கம்; ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. சிக்னல் 2023லும் ஐமெசேஜ் 2024லும் மாறத் தொடங்கிவிட்டன, குரோமும் அப்படியே. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அலுவலகம் நடத்துபவர் என்றால் வேலை கூடுதல்: பத்து வருடத்துக்கு மேல் ரகசியமாக இருக்க வேண்டிய கோப்புகள் எவை, அவை எந்த வழியாகப் போய் வருகின்றன என்று முதலில் பட்டியல் எடுங்கள். மென்பொருள் தந்தவரிடம், எம்எல்-கெம் எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.