தொட்டியை உயர்த்துவதா, குழாயை மாற்றுவதா, பம்ப் வைப்பதா?

மேல்மாடிக் குளியலறையில் ஷவர் சொட்டினால் மூன்று யோசனைகள் வரும்: மொட்டை மாடித் தொட்டியை இன்னும் உயர்த்தலாம், குழாயைப் பெரிதாக்கலாம், பிரஷர் பம்ப் வைக்கலாம். மூன்றுமே பலன் தரும்; ஆனால் ஒவ்வொன்றும் தீர்ப்பது வேறு வேறு குறையை. எந்தக் குறை என்று தெரிய, தண்ணீர் ஓடாதபோது குழாயில் இருக்கும் நிலை அழுத்தத்தை முதலில் கணக்கிட வேண்டும். அதற்குத் தேவை ஒரே ஓர் அளவு: தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையிலான செங்குத்து உயரம். ஒரு மீட்டருக்கு 9.81 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 0.1 பார். தரையிலிருந்து மொட்டை மாடி 3 மீட்டர், ஷவர் 2 மீட்டர், தொட்டியின் மேடை 1 மீட்டர், தொட்டிக்குள் தண்ணீர் 1 மீட்டர் என்றால், ஷவருக்கு மேல் நிற்பது 3 மீட்டர் தண்ணீர். அழுத்தம் 0.29 பார்.

பெரிய தொட்டி வைத்தால் வேகம் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்வரை 500 லிட்டரும் 2,000 லிட்டரும் அடியில் தரும் அழுத்தம் ஒன்றே. பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிய உண்மை இது. மேடையை ஒரு மீட்டர் உயர்த்தினால் கிடைப்பது 0.1 பார். சாதாரண ஷவருக்கு அது உதவும். 1 பார் கேட்கும் மழை ஷவருக்கோ இன்னும் 7 மீட்டர் வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீரே ஒரு டன் எடை என்பதால், அது வீட்டில் நடக்கிற காரியமல்ல.

குழாயை அகலமாக்கினாலும் நிலை அழுத்தம் கூடாது என்பது சரியே. ஆனால் தண்ணீர் ஓடும்போது உராய்வில் போகும் அழுத்தம் வெகுவாகக் குறையும். ஓட்டம் மாறாமல் உள்விட்டம் ஒன்றரை மடங்கானால் இழப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடும். ஆகவே உப்புப் படிந்த ஷவரைக் கழுவிவிட்டு, 2.5 பார் வரை காட்டும் பிரஷர் கேஜை அதே குளியலறையில் அரை மீட்டர் உயரத்திலுள்ள ஹெல்த் ஃபாசெட் இணைப்பில் மாட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் மூடியிருக்கையில் முள் 0.44 பாரைத் தொட வேண்டும். ஷவரைத் திறந்ததும் 0.2க்கு இறங்கினால் குற்றம் வரும் வழியில்தான்: ஒடுங்கிய குழாய், அதிகப்படியான எல்போக்கள், பாதி மூடிய வால்வு. இங்கே செலவு குழாய்க்குப் போக வேண்டும்.

முள் அதிகம் அசையாமலே ஷவர் சோர்ந்து வழிந்தால் உயரம்தான் போதவில்லை. அங்கே பம்ப் நியாயம். மின்வெட்டில் என்ன செய்வது என்பது சரியான ஆட்சேபம். பம்பைச் சுற்றி நான்-ரிட்டர்ன் வால்வுடன் பைபாஸ் குழாய் போட்டால் பழைய வேகத்திலாவது தண்ணீர் வரும். பம்ப் கூட்டும் அழுத்தத்தைப் பழைய இணைப்புகளும் கீசரும் தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பம்பை நகராட்சிக் குழாயில் நேரடியாக மாட்டவே கூடாது. கசியும் இடங்கள் வழியே அது சாக்கடை நீரையும் உறிஞ்சக்கூடும். தொட்டிக்கும் குளியலறைக்கும் நடுவில்தான் அதற்கு இடம்.