ஆங்கிலத்தைக் காதாலும் படிப்போம்

திருவள்ளுவர் பொருட்பாலில் 40-ஆம் அதிகாரத்தைக் கல்விக்கும் 41-ஆம் அதிகாரத்தைக் கல்லாமைக்கும் அளித்துவிட்டு, அடுத்த 42-ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கி வைத்தார். காதால் கேட்டு அறிவதும் கல்வியின் ஒரு கூறு என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. ஆயினும் நமது ஆங்கிலப் பாடத்தில் மட்டும் 'கேள்வி' என்றால் வினாத்தாளில் வரும் கேள்வி என்றே பொருள் கொண்டுவிட்டோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்திற்கு 100 மதிப்பெண். அத்தனையும் எழுத்துத் தேர்வுக்கே. மதிப்பெண் இல்லாத இடத்திற்கு மாணவியரின் மனம் செல்வதில்லை என்பதை ஆசிரியைகளுக்கு நாங்கள் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

பள்ளியின் வாயிலைக் கடந்து சென்ற பின் நிலைமை மாறிவிடுகிறது. எங்கள் வகுப்பில் "எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், பலருடைய விடை 'நர்ஸ்' என்பதுதான். நம் பள்ளியில் பயின்ற அக்காமார் பலர் இன்று வெளிநாட்டு மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர். அங்கே செல்வதற்கு நர்சிங் பட்டம் மட்டும் போதாது. ஆங்கிலத் தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும். 1964-ல் தொடங்கிய டோஃபல், 1989-ல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ்., மருத்துவப் பணியாளருக்கென்றே அமைந்த ஓ.இ.டி. ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கையும் இவை தனித்தனியே அளந்து பார்க்கின்றன.

பிரிட்டனின் நர்சிங் பதிவுக் குழு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7 புள்ளி கேட்கிறது. எழுதுதலில் மட்டும் 6.5 போதும் என்கிறது. எழுத்தில் சற்றே இரக்கம் காட்டுபவர்கள் கேட்டலில் காட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் எங்களுக்கு விளங்குகிறது. வலியால் துடிக்கும் நோயாளி தம் துன்பத்தைத் தாளில் எழுதிக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார் அல்லவா?

சென்ற ஆண்டு நம் பள்ளிக்கு வந்திருந்த ஓர் அக்கா எங்களிடம் மனம்விட்டுப் பேசினார். பள்ளியில் ஆங்கிலத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கியவர். அந்தத் தேர்விலும் படித்தலில் முதல் முறையே தேறிவிட்டார். ஆனால் கேட்டலில் இரண்டு முறை குறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அவருடைய அப்பா அதற்காகக் கடன் வாங்கினாராம். "எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. எழுதியதைக் காட்டியிருந்தால் எல்லாம் புரிந்திருக்கும். காதில் விழுந்தபோது அது வேறு மொழியாக இருந்தது" என்றார் அவர். இந்தச் சொற்கள் எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தன. தெரிந்த சொல் காதுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

தமிழில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய உடன்பிறந்தவை. எழுத்தைப் பார்த்தால் வாய் தானே ஒலித்துவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறில்லை. ரொட்டியைக் குறிக்கும் 'ப்ரெட்', உடைப்பதைக் குறிக்கும் 'ப்ரேக்', பாசிமணியைக் குறிக்கும் 'பீட்' ஆகிய மூன்றிலும் நடுவே இருப்பவை இ, ஏ என்னும் அதே இரண்டு எழுத்துகள்தாம், ஒலிகளோ மூன்று. சில எழுத்துகள் எழுதுவதோடு சரி, ஒலிப்பதே இல்லை. புதன்கிழமைக்கு உரிய சொல்லை எழுத்தின்படி நாம் 'வெட்னஸ்டே' என்கிறோம். அவர்கள் 'வென்ஸ்டே' என்று முடித்துவிடுகிறார்கள். 'வெஜிடபிள்' என்பது 'வெஜ்டபிள்' ஆகி ஓர் அசை மறைந்து போகிறது. நாம் எழுத்தைப் பார்த்து மனத்தில் ஓர் ஒலியைப் பதித்து வைத்திருக்கிறோம். காதில் வந்து விழுவதோ வேறோர் ஒலி. இரண்டும் ஒன்றென்று மனம் அடையாளம் காண்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய தடை அழுத்தம். தமிழில் அசைகளையெல்லாம் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசையைத் தூக்கி நிறுத்தி, மற்றவற்றை விழுங்கிவிடுகிறார்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கி ஒலிக்கிறது. புகைப்படம் எடுப்பவரைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி, 'ஃபட்டாக்ரஃபர்' என்று ஆகிறது. முன்பு ஓங்கியிருந்த 'ஃபோ' இப்போது 'ஃப' என்று சுருங்கிப் போயிற்று. இதை நம் எழுத்தில் எழுதிக் காட்ட முயன்று நாங்களே சிரித்துவிட்டோம். வாசகர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும், அருகில் யாரும் இல்லாதபோது.

நமது எழுத்தும் சில இடங்களில் நம்மை ஏமாற்றுகிறது. முதுகுக்கான சொல், பைக்கான சொல், கட்டி வைப்பதற்கான சொல் ஆகிய மூன்றையும் தமிழில் 'பேக்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலேயருக்கு அவை மூன்று வேறு ஒலிகள். முதலில் வரும் ஒலி கனத்ததா மெலிந்ததா, ஈற்றில் வரும் ஒலி எத்தகையது என்று தனியே காதைப் பழக்காவிட்டால் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

எண்களின் கதை இன்னும் கவலைக்குரியது. 'ஃபிஃப்டீன்' என்றால் 15. 'ஃபிஃப்டி' என்றால் 50. விரைந்து சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். பொதுவாக 15-இல் பின் அசையும் 50-இல் முன் அசையும் அழுத்தம் பெறும். ஆனால் அடுத்து வேறொரு சொல் வந்தால் 15-இலும் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடுவதுண்டு. அப்போது நெடிலையும் ஈற்றில் வரும் 'ன்' ஒலியையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மருந்தின் அளவு 15 மில்லிகிராமா, 50 மில்லிகிராமா என்பது தேர்வில் ஒரு மதிப்பெண். மருத்துவமனையில் ஓர் உயிர். அதனால்தான் மருந்தின் அளவை வாய்மொழியாகச் சொல்பவர்கள் 'ஒன், ஃபைவ்' என்று இலக்கங்களைத் தனித்தனியே மீண்டும் சொல்ல வேண்டும் என்று நர்சுகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

'முடியும்', 'முடியாது' என்பவையும் இப்படித்தான். 'கேன்' என்னும் சொல் பேச்சு ஓட்டத்தில் 'கன்' என்று மெலிந்துவிடும். அதன் எதிர்மறையான 'கான்ட்' என்பதில் ஈற்று 'ட்' பல வேளைகளில் காதுக்கு எட்டாது. ஆனால் 'கா' மட்டும் உரத்து ஒலிக்கும். உரத்துக் கேட்டால் மறுப்பு, மெலிந்து கேட்டால் இசைவு என்று எங்கள் ஆங்கில ஆசிரியை சொல்லித் தந்தார். இந்த ஒரு குறிப்பு எங்களுக்குப் பத்துப் பாடத்திற்குச் சமமாக இருந்தது.

இனித் தேர்வின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டல் தேர்வு ஏறக்குறைய 30 நிமிடம் நடக்கும். நான்கு பகுதிகள், 40 வினாக்கள். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். முதற் பகுதியில் இருவர் அன்றாடக் காரியங்களைப் பற்றி உரையாடுவர். கடைசிப் பகுதியில் ஒருவர் விரிவுரை ஆற்றுவார். ஏறக்குறைய 30 விடைகள் சரியாக இருந்தால் 7 புள்ளி கிடைக்கும். எழுத்துப் பிழை இருந்தால் அந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. 'இரண்டு சொற்களுக்கு மேல் எழுதாதே' என்று சொல்லியிருந்தால் மூன்று சொல் எழுதியவருக்கும் கிடையாது. ஓ.இ.டி. தேர்வில் 42 வினாக்கள். அவற்றில் முதல் 24-உம் மருத்துவ ஊழியரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுப்பவை.

ஒலிப்பதிவில் வேண்டுமென்றே வைக்கும் பொறி ஒன்று உண்டு. "செவ்வாய்க்கிழமை வருகிறேன்" என்பார் ஒருவர். விரைந்து எழுதிவிடுவோம். அடுத்த நொடியே, "இல்லையில்லை, அன்று வேறு வேலை, வியாழன் வைத்துக்கொள்வோம்" என்பார். ஆகவே முதலில் கேட்டதை மெல்லிய பென்சில் கோட்டால் குறித்து வைத்து, பேச்சு அடுத்த பொருளுக்கு நகர்ந்த பின்னரே உறுதி செய்ய வேண்டும். வினாக்கள் ஒலிப்பதிவின் வரிசையிலேயே வருவது ஓர் ஆறுதல். ஒன்றைத் தவறவிட்டால் அதற்காக வருந்திக்கொண்டிராமல் அடுத்ததற்குச் சென்றுவிடலாம்.

ஒவ்வொரு பகுதிக்கு முன்பும் வினாக்களைப் படித்துக்கொள்ளச் சிறிது நேரம் தருகிறார்கள். இந்த நேரம் பொன்னானது. ஆங்கிலத் திருப்பலியில் குருவானவர் எவ்வளவு விரைவாகச் சொன்னாலும் நமக்கு ஒரு சொல்லும் தவறுவதில்லை. நம் காது கூர்மையானது என்பதாலா? அடுத்து வரப்போவது இன்னதென்று முன்பே தெரியும் என்பதால்தான். தேர்விலும் அதுபோலவே. வெற்றிடத்திற்கு முன் பணத்தின் குறியீடு இருந்தால் ஓர் எண் வரும். 'டாக்டர்' என்று இருந்தால் ஒரு பெயர் வரும், அதை எழுத்துக் கூட்டிச் சொல்வார்கள். எதிர்பார்த்து நிற்கும் காதுதான் பிடித்துக்கொள்ளும்.

சென்ற ஜூன் மாதம் முதல் எங்களில் ஆறு பேர் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் 20 நிமிடம் கூடிப் பழகி வருகிறோம். மூவர் விடுதி மாணவியர், மூவர் ஊரிலிருந்து வருபவர்கள். ஆசிரியை தம் கைபேசியில் ஒரு நிமிடப் பதிவை ஒலிக்கச் செய்வார். ஒரே நிமிடம்தான், அதற்கு மேல் எங்களால் தாங்க முடியாது. பி.பி.சி.யும் பிரிட்டிஷ் கவுன்சிலும் கற்பவர்களுக்கென இலவசமாகத் தரும் பதிவுகளை அவர் தேர்ந்தெடுப்பார். அவற்றோடு எழுத்து வடிவமும் கிடைப்பதுதான் முக்கியம். முதல் முறை பேனாவைத் தொடாமல் கேட்போம். இரண்டாம் முறை கேட்டதையெல்லாம் எழுதுவோம், இடைவெளி விட்டு. மூன்றாம் முறை இடைவெளிகளை நிரப்புவோம். பின்னர் எழுத்து வடிவத்தைப் பார்த்து, விட்டுப்போனவற்றைச் சிவப்பு மையால் எழுதுவோம். சொல்வதைக் கேட்டு எழுதுதல் என்னும் பழைய டிக்டேஷன்தான் இது. ஆனால் திருத்துவது ஆசிரியை அல்லர், நாங்களே.

அந்தச் சிவப்பு மைதான் எங்களுக்கு உண்மையான ஆசான். முதல் வாரங்களில் நோட்டில் நீலத்தைவிடச் சிவப்பே மிகுதி. கூர்ந்து பார்த்தபோது, விட்டுப்போனவற்றில் கடினமான சொற்கள் மிகச் சில. பெரும்பாலானவை மூன்றாம் வகுப்பிலேயே நாங்கள் படித்தவை. 'ஆஃப்', 'டு', 'ஹேவ்' போன்ற சின்னஞ்சிறு சொற்கள் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்திருந்தன. அக்கா சொன்னதன் பொருள் அன்றுதான் எங்களுக்கு முழுவதும் விளங்கிற்று. கடைசியாக, எழுத்தைப் பார்த்தபடியே பதிவோடு சேர்ந்து உரக்கப் படிப்போம். அவர்கள் விழுங்குமிடத்தில் நாங்களும் விழுங்குவோம். வராந்தாவில் சென்ற ஆறாம் வகுப்புக் குழந்தைகள் எட்டிப் பார்த்துச் சிரித்ததுண்டு. வாய் பழகிய ஒலியைக் காது எளிதில் அறிந்துகொள்கிறது என்பது எங்கள் அனுபவம்.

வேகத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் குறைந்த வேகத்தில் தொடங்குவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. 1959-ல் அமெரிக்காவின் குரல் வானொலி, கற்பவர்களுக்கென்றே சுமார் 1500 சொற்களை மட்டும் கொண்டு, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கியது. நம் அகில இந்திய வானொலியின் ஆங்கிலச் செய்தியும் தெளிவானது. முன்னிரவு தமிழ்ச் செய்தி கேட்டுவிட்டுக் காலையில் அதையே ஆங்கிலத்தில் கேட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். ஆங்கிலப் படங்களைத் தமிழ் வரிகளோடு பார்ப்பது கேட்டலுக்கு உதவும் என்று சிலர் கூறுகின்றனர். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண் வேலை செய்கிறது, காது உறங்கிவிடுகிறது. கைபேசியைத் தரத் தயங்கும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நாளொன்றுக்குப் பத்து நிமிடம், உங்கள் கண் முன்பாகவே தந்தால் போதும்.

படித்தலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். அதில் நமக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மூன்று நீண்ட பகுதிகள், 40 வினாக்கள், 60 நிமிடம். சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டிருந்தால் இரண்டாம் பகுதியைக்கூட எட்ட முடியாது. ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று அறிந்த பின் வினாவுக்கு உரிய இடத்தைத் தேடிச் செல்ல வேண்டும். 'சரி', 'தவறு' என்பவற்றோடு 'சொல்லப்படவில்லை' என்று மூன்றாவது விடையும் அங்கே உண்டு. ஓர் ஊரில் திங்களும் வியாழனும் சந்தை கூடும் என்று பத்தி சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'சந்தை வாரம் இருமுறை கூடும்' என்பது சரி. 'வாரம் ஒருமுறை மட்டும் கூடும்' என்பது தவறு. 'வியாழனன்று கூட்டம் அதிகம்' என்பது சொல்லப்படவில்லை. நம் ஊர்ச் சந்தையில் வியாழனன்று நிற்க இடம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். நோட்ஸில் உள்ள விடையை மனப்பாடம் செய்தே பழகிய நமக்கு, பத்தியில் உள்ளதை மட்டும் நம்புவது தொடக்கத்தில் சற்றே சிரமமாக இருக்கிறது.

வரும் ஜூன் மாதத்தில் எங்கள் குழு மறுபடியும் தொடங்கும். நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் இருப்போம். ஒன்பது, பத்தாம் வகுப்புத் தங்கையர் சேர விரும்பினால் ஆங்கில ஆசிரியையிடம் பெயர் கொடுக்கலாம். ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா கொண்டு வரவும். சிவப்பு மை முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டு ரீஃபில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.